அஸ்திவாரத்திற்கு இன்டர்நெட் வைத்தியம் போதுமா?

கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் நம்மில் பலர் முதலில் தேடுவது நம் வியாதியைப் பற்றித்தான். நான் தேடியது என் வீட்டின் வியாதியை. கோவில்பட்டி பக்கம், கரிசல் மண்ணில், என் அப்பா கட்டிய வீடு. 2023 ஏப்ரலில் வடக்கு அறை ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல ஒரு விரிசல் இறங்கியது.

'பவுண்டேஷன் கிராக்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தேன். வந்து விழுந்தவற்றில் பாதிக்கு மேல் அமெரிக்கா, அதிலும் டெக்சாஸ். அங்கும் நம் கரிசல் போல வீங்கிச் சுருங்கும் களிமண் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் கான்கிரீட் தளத்தின் மேல் மரச்சட்ட வீடு. அடியில் ஸ்டீல் தூண் இறக்கி, ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். என் வீடு கருங்கல் அஸ்திவாரத்தின் மேல் செங்கல் சுவர். இந்த வித்தியாசம் அன்று என் மண்டையில் ஏறவில்லை. செயற்கை நுண்ணறிவு சாட் ஒன்றிடம் கேட்டேன். ஏழு காரணங்களை வரிசையாகச் சொன்னது. ஏழும் சரிதான். என் வீட்டுக்கு எது என்பதுதானே கேள்வி!

அடுத்து, விளம்பரம் பார்த்து ஒரு ரிப்பேர் நிறுவனத்தை அழைத்தேன். இருபது நிமிடம் பார்த்தார்கள். அஸ்திவாரத்தில் கெமிக்கல் செலுத்த வேண்டும், மூன்றே முக்கால் லட்சம், பாதி அட்வான்ஸ் என்றார்கள். செக் எழுதும் நேரத்தில் என் மைத்துனர் தடுத்தார். "மாப்ளே, மருந்து விற்கிறவரிடமே வியாதியையும் கேட்கிறீங்களே?" என்றார். என் கருத்தும் இன்று அதுதான். ஆலோசனைக்குத் தனியாகப் பணம் கொடுங்கள்; அந்த ஆலோசகர் ரிப்பேர் வேலை எடுப்பவராக இருக்கக்கூடாது.

ஓய்வு பெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவர் கிடைத்தார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "மழைக்காலத்தில் இந்த விரிசல் எப்படி இருந்தது?" எனக்குத் தெரியவில்லை. "அப்படியானால் எட்டு மாதம் அளந்து அனுப்புங்கள். அதற்குள் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ கதவு இறுகினாலோ உடனே கூப்பிடுங்கள்" என்றார்.

இங்கேதான் கம்ப்யூட்டர் உண்மையில் உதவியது. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டு, ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நின்று மாதம் இருமுறை போட்டோ எடுத்தேன். பைலுக்கு '2023-05-01 வடக்கு ஜன்னல்' என ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். போல்டரில் தானாகவே தேதிப்படி அடுக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி பற்றிய தகவலும் போய்விடும். டாக்குமெண்டாகவோ இமெயிலிலோ அனுப்புங்கள். தேதி ஒரு காலம், மி.மீ. ஒரு காலம் என எக்ஸெல்லில் போட்டு லைன் சார்ட் வரைந்தேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

சார்ட் கதை சொல்லியது. மே மாதம் 4 மி.மீ.; வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த டிசம்பரில் 1 மி.மீ. அஸ்திவாரம் ஒரேயடியாக இறங்கிக்கொண்டிருந்தால் விரிசல் இப்படி மூடாது. மண் கோடையில் சுருங்குகிறது, மழையில் வீங்குகிறது. கரிசலில் உள்ள மான்ட்மோரிலோனைட் என்ற கனிமத்தின் வேலை இது.

மண்ணையும் சோதிக்கச் சொன்னார். காய்ந்த மண் பொடியை 10 கிராம் வீதம் இரண்டு அளவு ஜாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றி, 24 மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. தண்ணீரில் எவ்வளவு கூடுதலாக வீங்கியது என்பதுதான் கணக்கு. என் மண் நன்றாகவே வீங்கியது.

சுவரிலிருந்து ஆறடியில் நின்ற வேப்பமரம் கோடையில் ஒரு பக்க மண்ணை உறிஞ்சிக் காயவைத்தது; மறுபக்கம் குளியலறைக் குழாய் கசிந்து மண்ணை ஊறவைத்தது. நான் மரத்தை வெட்டக் கிளம்பினேன். "வேண்டாம், திடீரென்று வெட்டினால் காய்ந்த மண் தண்ணீர் குடித்து வீங்கி, சுவரைத் தூக்கும். கிளையைக் கழித்துவிட்டுங்கள், போதும்" என்றார். குழாயை மாற்றி, வீட்டைச் சுற்றிச் சரிவாகச் சிமெண்ட் தளம் போட்டேன். ஆலோசனைக் கட்டணம், சோதனை, வேலை எல்லாம் சேர்த்து ஒரு லட்சம்கூட ஆகவில்லை.

கரிசலில் புதிதாக வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த, அடியில் குமிழ் போல் அகன்ற 'அண்டர் ரீம்டு பைல்' அஸ்திவாரம் இத்தகைய மண்ணுக்கானது. பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டிக் கீழே போய் ஊன்றுவதுதான் அதன் சூட்சுமம். உங்கள் இன்ஜினியரிடம் கேளுங்கள். கொத்தனாரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

எக்ஸெல் பைலை நான் இன்னும் மூடவில்லை. 2024 மே மாத அளவு 2 மி.மீ. இரண்டு மழைக்காலம் இப்படியே போனால் பூசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார். அதுவரை வீட்டில் வெள்ளையடிக்கும் பேச்சை எடுக்கக்கூடாது என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.