பெட்டி திறக்கவில்லையா? பூட்டை உடைக்காதீர்!

பத்திரங்களையும் பாஸ்போர்ட்டுகளையும் பீரோவில் வைத்துப் பூட்டும் வழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆயினும் அவற்றின் நகல்களும், நிக்காஹ் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், மறைந்த பெரியவர்களின் குரல் பதிவுகளும் இன்று பல இல்லங்களில் வேறொரு பெட்டியில் குடியேறியுள்ளன. ரூட்டரின் அருகில், ஒரு கம்பியால் அதனுடன் இணைந்து, இரவு பகலாக விழித்திருக்கும் சிறு பெட்டி அது. 'நாஸ்' என்று அதனை அழைக்கின்றனர். வீட்டிலுள்ள கணினிகள் யாவும் அதனைப் பொதுவில் பயன்படுத்தலாம்.

"நேற்றுவரை திறந்த பெட்டி, கணினியைப் புதுப்பித்த மறுநாள் முதல் திறக்க மறுக்கிறது. உள்ளே இருந்தவை போய்விட்டனவா?" என்று பதறுவோர் பலர். பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களால்தான் போகும். பெட்டியிலிருந்து வட்டைக் கழற்றி, நேரே விண்டோஸ் கணினியில் செருகுவோர் உண்டு. இத்தகைய பெட்டிகள் பலவும் லினக்ஸ் முறையில் வட்டில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அந்த எழுத்து புரியாது, "இவ்வட்டை ஃபார்மட் செய்யவா?" என்று அது கேட்கும். "ஆம்" என்று அழுத்திவிட்டால், திறக்காத பெட்டி வெறும் பெட்டியாகிவிடும்.

ஆகவே முதல் விதி: எதையும் அழிக்காதீர்கள், மாற்றாதீர்கள். கணினிக்கும் பெட்டிக்கும் இடையே எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, கம்பி. பெட்டியின் விளக்கு எரிகிறதா? ரூட்டரில் கம்பி செருகிய இடத்தில் விளக்கு மினுங்குகிறதா? வீட்டின் மற்றொரு கணினியில் பெட்டி திறக்கிறதா? அங்கே திறந்தால் பெட்டி நலமாக இருக்கிறது. கோளாறு உங்கள் கணினியின் பக்கம்தான். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாவது, பாதை. பல ரூட்டர்களில் விருந்தினருக்கென்று தனி வைஃபை உண்டு. அதில் இணைந்த கணினிக்கு இணையம் கிடைக்கும். வீட்டுப் பெட்டி கிடைக்காது. விருந்தினரைத் திண்ணையோடு நிறுத்துவதற்கென்றே செய்த ஏற்பாடு அது. உங்கள் கணினி எந்த வைஃபையில் இருக்கிறது என்று பாருங்கள். அதன் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து அது முகவரியே பெறவில்லை என்று பொருள்.

மூன்றாவது, முகவரி. ரூட்டர் தரும் முகவரிகள் நிரந்தரமானவை அல்ல. மின்தடைக்குப் பிறகு பெட்டிக்கு வேறு எண் கிடைத்திருக்கலாம். உங்கள் கணினியோ பழைய எண்ணிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் பெட்டியின் இன்றைய எண்ணைக் கண்டு, கோப்புகளைப் பார்க்கும் சாளரத்தின் மேற்பட்டையில் \\192.168.1.20 என்பதுபோல் எண்ணையே தட்டச்சு செய்யுங்கள். 'நெட்வொர்க்' என்னும் பட்டியலில் பெட்டியின் பெயர் தெரியாவிட்டாலும் எண்ணால் திறப்பதுண்டு. திறந்துவிட்டால், அந்த எண் மாறாதிருக்கும்படி ரூட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

நான்காவது, மொழி. இங்கேதான் இன்று பலரும் தடுக்கி விழுகின்றனர். கணினியும் பெட்டியும் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளப் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் அது பிறந்தது. அதன் முதல் பதிப்பின் ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச்சில் வெளியிட்டது. திருத்தத்தை ஏற்றாத கணினிகளுக்குள் அதே ஆண்டு மே 12 அன்று 'வான்னாக்ரை' என்னும் நச்சுநிரல் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைகள்கூடத் தள்ளிவைக்கப்பட்டன. அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் அந்த முதல் பதிப்பு தானாக இடம்பெறுவதில்லை. அது மட்டுமே தெரிந்த பழைய பெட்டிகள் ஊமையாயின.

2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு மேலும் ஓரடி எடுத்து வைத்தது. அதன் புரோ வகை, பெட்டி அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கேட்கிறது; கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் ஏற்பதில்லை. "வீட்டுக்குள்தானே, கடவுச்சொல் எதற்கு?" என்று பெட்டியைத் திறந்தே வைத்திருந்த இல்லங்களில், புதுப்பித்த மறுநாளே கதவு அடைபட்டதன் காரணம் இதுதான்.

விசாரித்தால் இரண்டு வழிகள் சொல்வார்கள். கணினியில் கையொப்பத்தையும் காவலையும் நீக்கிவிடு, பழைய மொழியை மீண்டும் நிறுவு என்பது ஒன்று. ஐந்து நிமிடத்தில் பெட்டி திறந்துவிடும். ஆனால் பெட்டிக்காக வீட்டின் கதவையே கழற்றி வைத்ததாகும். மற்றொன்று, பெட்டியைத் திருத்துவது. உலாவியில் பெட்டியின் எண்ணைத் தட்டினால் அதன் அமைப்புப் பக்கம் வரும். அங்கே குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்குங்கள். எஸ்.எம்.பி. இரண்டாம், மூன்றாம் பதிப்புகளை இயக்குங்கள். பெட்டியைச் செய்த நிறுவனம் புதிய மென்பொருள் வெளியிட்டிருந்தால் ஏற்றுங்கள். அரைமணி நேர வேலை. கதவும் இருக்கும், சாவியும் இருக்கும்.

ஐந்தாவது, சாவி. சிலர் பெட்டிக்குப் பதிலாக மற்றொரு விண்டோஸ் கணினியின் கோப்புறையைப் பொதுவில் வைத்திருப்பர். அது பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்போது, தினமும் அதனைத் திறக்கும் நான்கு இலக்க 'பின்' எண்ணைக் கொடுத்துப் பயனில்லை. அந்த எண் அந்தக் கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உதவும். கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் தங்கியிருக்கும் பழையதை நீக்கிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

ஆறாவது, உரிமை. உள்ளே நுழைந்தும் எழுத முடியவில்லையெனில், உங்கள் பெயருக்குப் படிக்கும் உரிமை மட்டும் தரப்பட்டிருக்கலாம். விண்டோஸில் பகிர்வுக்கு ஓர் உரிமையும், கோப்புறைக்கு ஓர் உரிமையும் உண்டு. இரண்டில் எது குறைவோ அதுவே செல்லுபடியாகும். இரண்டையும் பாருங்கள்.

இந்த ஆறையும் சரிசெய்தவர்களுக்கு அடுத்து ஓர் ஆசை வரும்: வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையும் இதே பெட்டியைத் திறந்து பார்த்தால் என்ன? ஆசை நியாயமானது. ஆனால் அதற்காக ரூட்டரில் வாசல் திறந்து, பெட்டியை நேரே இணையத்தின் முன் நிறுத்தக் கூடாது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகளுக்கு 2015க்குப் பின் மென்பொருள் திருத்தம் வரவில்லை. 2021 ஜூனில் அவற்றை இணையத்தில் வைத்திருந்த பலர், ஒருநாள் காலையில் தங்கள் பெட்டி துடைத்து வைத்தாற்போல் காலியாக இருப்பதைக் கண்டனர். பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்பப் படங்கள் தொலைவிலிருந்த எவராலோ அழிக்கப்பட்டன. வெளியிலிருந்து பார்க்க வேண்டுமாயின், வி.பி.என். என்னும் காப்பு வழியை ரூட்டரில் அமைத்துக்கொள்வது நலம்.

அன்று எதையும் இழக்காதவர்களும் இருந்தனர். அவர்களிடம் வேறோரிடத்தில் இரண்டாவது நகல் இருந்தது. பெட்டிக்குள் இரண்டு வட்டுகள் இருப்பதை இரண்டு நகல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு வட்டு பழுதானால் மற்றது கைகொடுக்கும், உண்மைதான். ஆனால் தவறுதலாக அழிப்பது இரண்டிலும் ஒருசேர அழிந்துவிடும்.

உங்கள் பெட்டி இன்று ஒழுங்காகத் திறக்கிறதா? அப்படியானால் இன்றே ஒரு வெளி வட்டு வாங்கி, எல்லாவற்றையும் நகலெடுத்து, கம்பியைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதனைப் புதுப்பியுங்கள். பெட்டி திறக்காத நாளில் பதறாமல் கம்பியிலிருந்து தொடங்கும் துணிவை அந்த வட்டு உங்களுக்குத் தரும்.