காலச்சொல்லைக் கவனிப்பீர்!

மும்பையில் வேலைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதும் தமிழ் இளைஞர்கள் பலர் இடறுவது இறந்தகால வினையில்தான். 'ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால், ஐந்து வருஷம் பார்த்த வேலையை விட்டுவிட்டார் என்றே பொருள்படும். இன்னும் அதே வேலையில் இருப்பவர் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என எழுதவேண்டும். வினை பிசகினால், வேலையில் இருப்பவர் வேலையற்றவர் ஆகிவிடுகிறார்!

இந்த வேற்றுமை தமிழருக்குப் புதிதல்ல. 'ஐந்து வருஷம் வேலை பார்த்தேன்' என்பது முடிந்த கதை. 'ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறேன்' என்பது தொடரும் கதை. அந்த 'ஆக' என்ற இரண்டெழுத்தே ஆங்கிலத்துக்கும் வழிகாட்டும்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் வழி செல்லாது. 'நேற்று புனேவுக்குப் போயிருந்தேன்' என்பதை 'ஐ ஹேட் கான் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறார்கள். இந்தி பேசுவோரும் இப்படியே தவறுகிறார்கள். 'யெஸ்டர்டே' வந்தால் 'வென்ட்' போதும். நடந்து முடிந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்ததைச் சொல்லவே 'ஹேட்' தேவை.

'கோ, வென்ட், கான்' என்று உருப்போடுவது மட்டும் போதாது. காலச்சொல்லையும் வினையையும் இணைத்து, தமிழ் வாக்கியத்தோடு ஒப்பிட்டுப் பயிற்சி தரவேண்டும். தமிழ்ச் சங்கங்கள் மாலை வகுப்புகளில் இதைச் செய்யலாமே!