கணக்குக் கேட்க யாருக்கு உரிமை?

“சொத்துவரி கட்டுபவர் வீட்டுக்காரர், நகராட்சியிடம் கணக்குக் கேட்கும் உரிமையும் அவருக்கே, வாடகைக்கு இருப்பவருக்கு இல்லை” என்கிறார்கள். இந்த வாதம் எங்கும் நிற்காது.

1. ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது, சரி. பணம் யாருடையது? தமிழ்நாட்டில் 2022-இல் சொத்துவரி உயர்ந்தது. மாடிப் போர்ஷன் வாடகையில் அந்தச் சுமை ஏறவில்லையா?

2. நகராட்சி சொத்துவரியை மட்டும் நம்பி நடப்பதில்லை. மாநில அரசின் வரிப் பங்கு வருகிறது, மத்திய நிதிக்குழு மானியம் வருகிறது. சோப்புக்கும் செல்போன் ரீசார்ஜுக்கும் ஜிஎஸ்டி கட்டும் எல்லோருடைய பணமும் அதில் இருக்கிறது.

3. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் குடிமக்கள் அனைவருக்குமானது. விண்ணப்பத்துடன் வரி ரசீதை இணைக்கச் சொல்லவில்லை. காரணமும் சொல்லத் தேவையில்லை.

4. 2016 அக்டோபரில் நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. 2022 தேர்தல் வரை தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். அப்போதும் வீட்டுக்காரர்கள் வரி கட்டினார்கள். எந்தக் கவுன்சிலரைக் கேள்வி கேட்க முடிந்தது?

பதில் சொல்ல வைப்பது வாக்கு. அது வாடகைக்காரரிடமும் இருக்கிறது. சாலை ஒப்பந்தம் யாருக்குப் போனது, எவ்வளவுக்குப் போனது என்று அவர் தாராளமாகக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.