யாருடைய பல்லைப் பிடுங்கலாம்?

எங்கள் பக்கத்துப் பண்ணையார்கள் வாயில் சாதாரணமாக ஒரு வார்த்தை வரும். 'பல்லைத் தட்டிக் கையில குடுத்துருவேன்.' கூலி கூடக் கேட்டால் வரும். துண்டைத் தோளில் போட்டு நடந்தால் வரும். இன்றைக்கு அப்படிப் பேசினால் வழக்குப் போட 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் பல்லைக் கையில் கொடுக்கிற வேலை மட்டும் நின்றபாடில்லை. பஞ்சில் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஐநூறு ரூபாயும் வாங்கிக்கொள்கிறார்கள். நாமும் கும்பிட்டு வாங்கி வருகிறோம்.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் சொத்தை. மூணு ராத்திரி தூங்கவில்லை. கிராம்பு வைத்துப் பார்த்தாள், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டாள், கேட்கவில்லை. டவுனில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். விளக்கை இழுத்து வாயைப் பார்த்தார். வெற்றிலையும் போயிலையும் கறை ஏற்றிய வாய். நடவும் களையுமாகக் கறுத்த முகம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. 'பிடுங்கிடலாம்மா. உங்களுக்கு அதுதான் சௌகரியம்' என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

ஏழெட்டு மாசம் கழித்து எனக்கும் அதே பல். அதே டாக்டர். பாங்க்கிலிருந்து நேராகப் போயிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. உடனே எக்ஸ்ரே எடுத்துத் திரையில் காட்டினார். 'நரம்பு வரைக்கும் போயிருக்கு சார். ரூட் கெனால் பண்ணிக் காப்பாத்திடலாம். இந்தப் பல்லை மட்டும் விட்டுறாதீங்க சார், மெல்லுறதுக்கே இதுதான் ஆதாரம்.'

அப்ப எங்கம்மா மெல்ல வேண்டாமா? நாற்காலியில் சாய்ந்து கிடந்தபோது இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து, அம்மா வேர்க்கடலையை அம்மியில் நசுக்கித் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் வந்தது.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. அம்மாவிடம் அன்பாகத்தான் பேசினார். அவர் சாதி கேட்கவுமில்லை. எந்த வாய்க்கு எவ்வளவு செலவு தகும் என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவ்வளவுதான். நம்முடைய வழக்கும் அந்தக் கணக்கின் மேல்தான்.

இதை என் மனக்குறை என்று தள்ள முடியாது. இங்கிலாந்தில் 57 பல் மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2019இல் ஆய்விதழில் வெளிவந்தது. ஒரே சொத்தைப் பல், ஒரே எக்ஸ்ரே, ஒரே வலி. நோயாளியின் படம் மட்டும் சிலருக்கு வெள்ளை முகம், சிலருக்குக் கறுப்பு முகம். வெள்ளை முகத்தைப் பார்த்தவர்கள்தான் வேர் சிகிச்சையை அதிகமாகச் சொன்னார்கள். கறுப்பு முகத்துக்குப் பிடுங்கச் சொன்னது கூடுதல். தெரியாமலே நடக்கிற பாரபட்சம் என்று ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். நம் ஊரில் இதற்கு முகத்தின் நிறம் தேவையில்லை. சேலை போதும், பேச்சு போதும், 'எந்தத் தெரு' என்ற ஒரு கேள்வி போதும்.

அடிமைகளின் பல்லுக்கு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணைக் கணக்கில் 1784 மே மாதம் ஒரு வரி இருக்கிறது. ஒன்பது பற்களுக்காக நீக்ரோக்களுக்கு 6 பவுண்டு 2 ஷில்லிங். பல் கொடுத்தவர்களின் பெயர் ஒன்றுகூட எழுதப்படவில்லை. ஆண்டையின் வாய்க்குப் பல் வேண்டும், அடிமையின் வாய் பொக்கையாகலாம் என்பது அந்தக் கணக்கின் தர்மம்.

சரி, பிடுங்கினால் என்ன குடி முழுகிவிடும்? கேட்கிறவர்கள் நம்மிலேயே அதிகம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள சதை இருக்கிறது. சொத்தை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் சும்மா அடைத்துப் பயனில்லை. மாத்திரையாலும் ஆறாது. வலி தானாக நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்று அர்த்தம். கீழே சீழ் வேலை செய்துகொண்டிருக்கும். கலவரம் முடிந்த காலனியைப் பார்த்து 'இப்ப அமைதியா இருக்கு' என்று தாசில்தார் எழுதுகிற அறிக்கை மாதிரிதான் அதுவும்.

ரூட் கெனால் என்பது மரத்துப்போக ஊசி போட்டு, அந்தச் சதையை எடுத்து, வேருக்குள் ஓடும் குழாய்களைச் சுத்தம் செய்து, அடைத்து மூடுவது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு குழாய். கடைவாய்ப்பல்லுக்கு மூணு நாலு. அதனால்தான் இரண்டு மூன்று தடவை வரச் சொல்கிறார்கள். அதற்குமேல் கேப் போட வேண்டும், இல்லாவிட்டால் கடைவாய்ப்பல் உடைந்துபோகும் ஆபத்து அதிகம்.

பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால், பக்கத்துப் பல் அந்தச் சந்துக்குள் சாயும். எதிர்ப் பல் மெல்ல இறங்கும், அல்லது ஏறும். தாடை எலும்பு அந்த இடத்தில் கரையும். ஒரு பக்கமாகவே மெல்லப் பழகுவோம். ஒரு பல்லோடு போகிற நஷ்டம் இல்லை. கீழ் முதல் கடைவாய்ப்பல் ஆறு வயசிலேயே முளைக்கிறது. பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நினைத்து நம் குழந்தைகளுக்கு அதைச் சொத்தையாக விட்டுவிடுகிறோம். விழுந்தால் மறுபடி முளைக்காது.

இனி பணம். நான் விசாரித்தவரை எங்கள் டவுனில் பிடுங்க 500 ரூபாய். ரூட் கெனாலுக்கு 4,000. கேப்புக்கு இன்னொரு 4,000. 2025இல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒரு பல்லுக்கு இருபத்துநாலு நாள் கூலி. போய்வருகிற ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போவது தனி. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் விபத்தில் அடிபட்டாலொழிய பல்லைச் சேர்ப்பதில்லை. உடம்புக்குள்ளேயே பல்லை ஊருக்கு வெளியே வைத்திருக்கிறார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரி? நான் போய் நின்ற தாலுகா ஆஸ்பத்திரியில் பிடுங்குகிற வரிசைதான் இருந்தது. 'ரூட் கெனால்னா மெட்ராஸ் போங்க' என்றார்கள். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திடமிருந்து அரசு எடுத்துக்கொண்டது ஒன்று. புதுக்கோட்டையில் 2023இல் திறந்தது ஒன்று. இப்படி விரல்விட்டு எண்ணிவிடலாம். கூலிக்காரர் மூணு தடவை பஸ் ஏறி அங்கே போய்வர வேண்டும். வசதியுள்ளவருக்கு சிகிச்சை, இல்லாதவருக்குக் குறடு என்பது மருத்துவத் தீர்ப்பில்லை, சமூகத் தீர்ப்பு.

அதற்காகப் பிடுங்குவதே பாவம் என்று நான் எழுதவில்லை. வேர் நெடுக விரிசல் விட்ட பல், ஈறு நோயால் எலும்பு போய் ஆடுகிற பல், எலும்புக்குக் கீழே சொத்தை இறங்கின பல் போன்றவற்றைப் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டும். அதில் காசைக் கொட்டச் சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்பது புரளி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரண்டும் வேண்டாம் என்று கிடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். 2007இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் பன்னிரண்டு வயசுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்கு ஏறிச் செத்தான். 80 டாலர் செலவில் அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் பிழைத்திருப்பான். ஏழைத் தாய்க்கு டாக்டர் கிடைக்கவில்லை. ஆகவே கையில் காசில்லை, வீக்கம் ஏறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உயிர் பல்லைவிடப் பெரிசு.

மற்றபடி, நாற்காலியில் உட்கார்ந்ததும் நாலு கேள்வி கேளுங்கள். எக்ஸ்ரே எங்கே? இந்தப் பல்லைக் காப்பாத்த முடியுமா? முடியாதுன்னா ஏன்? பிடுங்கின இடத்தில் என்ன வைப்பீங்க, அதுக்கு எவ்வளவு? பதில் சொல்வது டாக்டரின் கடமை. கேட்பது நம் திமிர் அல்ல, உரிமை. கூடவே இயக்கங்கள் ஒரு கோரிக்கையை எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் கேப்போடு சேர்த்து ரூட் கெனால் இலவசமாக வேண்டும். நிலத்துக்கும் கூலிக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு கொடுத்த கைகள் பல்லுக்கும் கொடுக்கலாம். இது சின்ன விஷயம் என்று சிரிக்கிற தோழர்கள், வாய் பொக்கையான பிறகு கோஷம் போட்டுப் பார்க்கட்டும். பல்லு போனா சொல்லு போச்சு.

டாக்டரின் கணக்கைவிட எனக்குப் பயமாக இருப்பது நம்முடைய கணக்குத்தான். அன்றைக்கு அம்மா சொன்னாள்: 'எனக்கு எதுக்குப்பா அவ்ளோ செலவு, பிடுங்கிட்டுப் போவட்டும்.' என் படிப்புக்கு அவள் கணக்குப் பார்த்தவள் இல்லை. தன் உடம்பு என்று வந்தால் மட்டும் 'எனக்கு எதுக்கு'. தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. பட்டதாரி மகன், சம்பளம் வாங்குகிறவன், நானும் அதற்குத் தலையாட்டினேன். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

போன மாசம் அம்மாவுக்கு மறுபக்கம் ஒரு பல் வலித்தது. இந்தத் தடவை வேறு டாக்டர். அம்மாவே கேட்டாள், 'படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லும்மா.' அந்தப் பெண் டாக்டர் எடுத்தார், காட்டினார். வேரைச் சுற்றி எலும்பே இல்லை, எடுக்கத்தான் வேண்டும் என்று விளக்கினார். எடுத்தாகிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: 'போனது போவட்டும். இந்த வாட்டி ஏன்னு தெரிஞ்சிது.'