பட்டத்துக்குக் கட்டணம் கேட்டால்...

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் நான்கு ஏக்கரில் பாரம்பரிய நெல் செய்கிறேன். தூயமல்லி வயலில் மழைக்குச் சாயாமல் நின்ற சில குட்டைத் தூர்களைத் தனியே எடுத்து, ஆறு சம்பாவாகப் பெருக்கி வருகிறேன். போன மாதம் ஒருவர் போன் செய்து, என் சேவைக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பதாகச் சொன்னார். சென்னையில் ஒரு ஓட்டலில் விழாவாம். அங்கி, தொப்பி, கேடயம், போட்டோ எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்; முன்பணம் 5,000 அனுப்பச் சொல்கிறார். வீட்டில் எல்லோரும் வாங்கிக்கொள் என்கிறார்கள். ஆவணியில் மகள் கல்யாணம். பத்திரிகையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

நம் நாட்டில் பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22-ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. மத்திய அரசோ மாநில அரசோ சட்டம் இயற்றி அமைத்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவ்வளவுதான். டிரஸ்டு, பேரவை, கவுன்சில் என்று பெயர்ப் பலகை வைத்தவர்கள் கேடயம் கொடுக்கலாம், பொன்னாடை போர்த்தலாம். பட்டம் கொடுக்க முடியாது. போன் செய்தவரிடம், "உங்கள் பல்கலைக்கழகம் எந்தச் சட்டத்தில் அமைந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வெளிநாட்டுப் பெயர் ஏதாவது சொல்வார். அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். 2023 பிப்ரவரியில் ஒரு தனியார் அமைப்பு, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே விழா நடத்தி, சினிமாத் துறையினர் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று கொடுத்தது. பிறகு பல்கலைக்கழகமே தனக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் போலீசுக்குப் போனது. மேடையேறியவர்கள் பாவம், நம்பித்தான் வந்திருப்பார்கள்.

உண்மையான கௌரவப் பட்டத்துக்கு விண்ணப்பம் கிடையாது, கட்டணமும் கிடையாது. பல்கலைக்கழகம் தானாக ஒருவர் பெயரை எடுத்து, தன் குழுக்களில் வைத்து ஒப்புதல் வாங்கி, பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் முன்னிலையில் கொடுக்கும். எம்.எஸ். சுவாமிநாதன் கேம்பிரிட்ஜில் படித்து வாங்கிய டாக்டர் பட்டம் ஒன்று. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் அவருக்குக் கொடுத்த கௌரவப் பட்டங்களோ 80-க்கும் மேல். அவர் பெயருக்கு முன்னால் நின்ற டாக்டர், படித்து வாங்கிய அந்த ஒன்றுக்கு உரியது. கௌரவப் பட்டம் பெற்றவர்கள் பெயருக்கு முன் அதைப் போட்டுக்கொள்ளாமல் இருப்பதுதான் கல்வித்துறை மரபு. நம் ஊரில் இந்த மரபை மதிப்பவர் குறைவு, அது வேறு கதை.

எங்கள் விரிவாக்கத் துறைக்காரர்கள் மறக்கக் கூடாத ஒருவரைச் சொல்கிறேன். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், அமெரிக்காவில் அடிமைத் தாய்க்குப் பிறந்த கறுப்பினத்தவர். ஒரு கல்லூரி கடிதத்தில் இடம் கொடுத்துவிட்டு, நேரில் அவர் நிறத்தைப் பார்த்ததும் திருப்பி அனுப்பியது. 1890-இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்தது ஓவியமும் இசையும். செடிகளில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைப் பார்த்த ஓவிய ஆசிரியைதான் வேளாண் கல்லூரிக்குப் போகச் சொன்னார். 1896-இல் முதுகலை முடித்து, அலபாமாவில் டஸ்கிகீ நிறுவனத்துக்கு வேலைக்குப் போனார்.

அந்தப் பகுதியில் வருஷா வருஷம் பருத்தியே போட்டு மண் செத்துக் கிடந்தது. விவசாயிகளில் பெரும்பாலோர் கடனில் மூழ்கிய குத்தகைதாரர்கள். உரம் வாங்க வழியில்லை. கார்வர் அவர்களிடம் பருத்திக்கு மாற்றாக நிலக்கடலை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி போடச் சொன்னார். பயறு வகைகளின் வேர் முடிச்சு காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் என்பது இன்று நமக்குப் பாடம். எழுதப் படிக்கத் தெரியாத குத்தகைக்காரனுக்கு அதைப் புரிய வைத்தது அவருடைய வேலை. 1906-இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய ஒரு வண்டியை ஊர் ஊராக அனுப்பிச் செயல்விளக்கம் காட்ட ஏற்பாடு செய்தார். விளைந்த கடலையை என்ன செய்வது என்று கேட்பார்களே! 1916-இல் கடலையில் 105 வகைச் சமையல் சொல்லும் சிறு புத்தகம் போட்டார். படித்து வாங்கிய டாக்டர் பட்டம் அவருக்கு இல்லை. ஆனாலும் ஜனங்கள் டாக்டர் கார்வர் என்றே கூப்பிட்டார்கள். முன்பு சேர்த்துக்கொண்ட அதே சிம்ப்சன் கல்லூரி 1928-இல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது, அவர் டஸ்கிகீயில் 32 வருஷம் வேலை செய்து முடித்திருந்தார்.

இனி உங்கள் குட்டைத் தூயமல்லிக்கு வருகிறேன். கடிதத்தில் என் கண் நின்றது அந்த வரியில்தான். மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் தாதாஜி கோப்ரகடே என்று ஒரு சிறு விவசாயி இருந்தார். மூன்றாம் வகுப்புதான் படிப்பு. 1983-இல் தன் நெல் வயலில் வித்தியாசமாக நின்ற செடிகளைத் தனியே எடுத்துப் பெருக்கினார். சன்ன அரிசி, நல்ல மகசூல். அப்போது பிரபலமாக இருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. நெல் என்று சந்தைக்கு வந்து பல மாநிலங்களுக்குப் பரவியது. அகோலாவிலுள்ள வேளாண் பல்கலைக்கழகம் அந்த விதையை வாங்கிச் சுத்தப்படுத்தி, முன்னால் தன் பெயரைச் சேர்த்து வெளியிட்டது. 2005-இல் தேசிய விருது ஒன்று கிடைத்தது. ஆனால் 2018-இல் இறக்கும்வரை அவருக்கு வறுமை தீரவில்லை. ரகம் அவருடையது என்று காட்ட ஆரம்பத்தில் கையில் ஒரு காகிதம் இல்லை, அதற்கான சட்டமும் அன்று இல்லை.

இன்று இருக்கிறது. பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 2001. விவசாயி தான் உருவாக்கிய ரகத்தைத் தன் பெயரில் பதியலாம். விவசாயிக்குக் கட்டணமில்லை. நெல்லுக்கு 15 ஆண்டு பாதுகாப்பு. தூயமல்லி எல்லோருக்கும் பொது, அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் நீங்கள் பிரித்தெடுத்தது அதிலிருந்து தெளிவாக வேறுபட்டு, வருஷத்துக்கு வருஷம் மாறாமல் வந்தால் வழியுண்டு. இந்தச் சம்பாவில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, உயரம், தூர் எண்ணிக்கை, பூக்கும் நாள், ஆயிரம் மணி எடை ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். கலப்புக் கதிர்களைப் பூக்கும் முன்பே பிடுங்குங்கள். போட்டோவில் தேதி இருக்கட்டும். நோட்டையும் இரண்டு கிலோ விதையையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போனால், விண்ணப்பம் எழுத உதவுவார்கள். அதற்கு முன் விதையை வெளியாட்களுக்குக் கொடுக்காதீர்கள்.

முன்பணம் ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயருக்குக் கீழே 'பாரம்பரிய நெல் விவசாயி' என்று போடுங்கள். பந்தியில் ஒரு கை தூயமல்லிச் சோறும் வையுங்கள்.