மங்கிப்போன ஃபைபர் படகும் ஊருலேர்ந்து வர்ற ஃபோனும்

"அண்ணே, படகு ரொம்ப வெளுத்துப் போச்சு. பக்கத்துல எல்லாரும் புதுசு இறக்கிட்டாங்க. நீங்க கொஞ்சம் பணம் அனுப்புனீங்கன்னா..."

கடலோர ஊருலேர்ந்து கிளம்பி வந்து வெளியில சம்பாதிக்கிற நம்ம ஆளுங்கள்ல இந்த ஃபோன் வராதவங்க கம்மி. துபாய்ல இருந்தாலும் சரி, சிங்கப்பூர்ல இருந்தாலும் சரி, என்னை மாதிரி டெய்ரி ஃபார்ம்ல குடித்தனம் இருந்தாலும் சரி. நானும் நாகப்பட்டினம் பக்கம்தான். இங்க வந்து வேலையே படகும் இன்ஜினும்னு ஆயிட்டதால, சொந்தக்காரங்க மட்டுமில்லாம சொந்தக்காரங்களோட சொந்தக்காரங்களும் எங்கிட்ட யோசனை கேக்குறாங்க. எல்லாருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதான் ஒரேயடியா எழுதிடறேன்.

என் கட்சி இதுதான்: வெளுத்துப் போச்சுங்கிறதுக்காக மட்டும் ஃபைபர் படகைத் தள்ளிட்டுப் புதுசு வாங்குறது காசைக் கடல்ல போடுற வேலை. அதே மாதிரி, வெளுத்ததை மறைக்க மேல எனாமல் பெயிண்ட் அடிக்கிறதும். ரெண்டையும் நம்ம ஆளுங்க தாராளமா செய்யறாங்க.

முதல்ல அந்தப் பளபளப்பு எங்கேயிருந்து வருதுன்னு பாக்கலாம். ஃபைபர் படகுக்கு வெளியில தெரியுற நிறம் பெயிண்ட் கிடையாது. அச்சுல மெழுகு தடவி, அதுக்கு மேல முதல்ல அடிக்கிறது ஜெல்கோட். நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின்தான் அது. அப்புறம்தான் கண்ணாடி இழை மேட்டும் ரெசினுமா அடுக்கடுக்கா வைப்பாங்க. அச்சுலேர்ந்து கழட்டும்போது கடைசியா வச்சது உள்ளே, முதல்ல அடிச்சது வெளியே. அந்த ஜெல்கோட்டோட கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அவ்வளவுதான்!

வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர் இந்த அரை மில்லிமீட்டரோட மேல்தோலைத்தான் அரிக்குது. ரெசின் சிதைஞ்சு, நிறப்பொடி மட்டும் சுண்ணாம்பு மாதிரி மேல நிக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு படகுல சாஞ்சு பாருங்க, முதுகுல வெள்ளையா ஒட்டிக்கிட்டு வரும். சிவப்பும் நீலமும் வெள்ளையைவிட சீக்கிரமா முகம் மாறும். நம்ம ஊர்ப் படகுகள்ல இந்த ரெண்டு நிறம்தான் ஜாஸ்தி, கேக்கணுமா. நாகப்பட்டினத்துக்கும் இங்கேயும் அட்சரேகையில ஒரு டிகிரிக்குள்ளதான் வித்தியாசம், அதனால வெயில் விஷயத்துல ரெண்டு ஊருக்கும் ஒரே ஜாதகம்.

ஆனா அந்தச் சுண்ணாம்புக்குக் கீழே இருக்குற ஜெல்கோட் நல்லாத்தான் இருக்கும், பெரும்பாலும். கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை. மங்கின இடத்துல ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துங்க. ஈரம் இருக்குறவரை பழைய நிறம் பளிச்சுனு திரும்பி வந்தா, தேய்ச்சு எடுத்துடலாம். ஈரத்துலயும் திட்டுத்திட்டா நிறம் மாறி இருந்தாலோ, உள்ளே இழையோட பின்னல் தெரிஞ்சாலோ, ஜெல்கோட் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். அப்ப கதை வேற.

ஊர்ல ஏன் யாரும் தேய்க்கிறதில்லை? இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 2004 டிசம்பர் 26-க்கு முன்னாடி நம்ம கரையில கட்டுமரம்தான் நிறைய. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும 6000 பேருக்கு மேல போனாங்க. அதுக்கப்புறம் நிவாரணம்னு வந்ததுல ஃபைபர் படகுகள் ஆயிரக்கணக்குல இறங்கிச்சு. கொடுக்க வந்தவங்களுக்கு அவசரம், கட்டிக் கொடுத்தவங்களுக்கு அதைவிட அவசரம். அவசரத்துல கட்டுற படகுகளோட தரத்தைப் பத்தி ஐ.நா.வோட உணவு வேளாண் அமைப்பே அப்ப எச்சரிக்கை பண்ணிச்சு. நம்ம ஜனங்களுக்கு மரம் தெரியும். எந்த மரம் எப்ப உளுக்கும், எப்படிக் காய வைக்கணும், எல்லாம் அத்துப்படி. கட்டுமரத்தைக் கழட்டி வெயில்ல காயப் போடுவாங்க, வெயில் அதுக்கு மருந்து. ஃபைபருக்கு அதே வெயில்தான் விஷம். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளே வரலை. படகு கொடுத்தாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. பராமரிப்புங்கிற வார்த்தை அந்த ஃபோட்டோவுல விழலை.

அதனால என்ன ஆச்சுன்னா, மங்குறதைப் பாத்தா "படகு செத்துப்போச்சு"ன்னு முடிவு கட்டுற பழக்கம் வந்துடுச்சு. விக்கிறவனுக்கு இது வசதி. அடிமாட்டு விலைக்கு வாங்கி, தேய்ச்சு, மினுக்கி, இன்னொருத்தர் தலையில கட்டுற ஆளுங்களையும் பாத்திருக்கேன். (பேர் சொல்லமாட்டேன்.) அண்ணன் தம்பி வெளியூர்ல வியர்வை சிந்தி அனுப்புற பணத்துல புதுப் படகு வந்து, அதுவும் நாலஞ்சு வருஷத்துல அதே மாதிரி வெளுக்குது. வட்டிக்கு வாங்கினதா இருந்தா, நிறம் போன பிறகும் கடன் போகாது.

சரி, எப்படித் தேய்க்கணும்? முதல்ல நல்ல தண்ணியும் லேசான சோப்பும் போட்டுக் கழுவி உப்பை எடுக்கணும். மங்கல் லேசா இருந்தா நேரா ரப்பிங் காம்பவுண்ட் போதும். ரொம்பச் சுண்ணாம்படிச்சிருந்தா 800 இல்லே 1000 நம்பர் வாட்டர் பேப்பர்ல ஆரம்பிச்சு, 1500, 2000ன்னு ஏறணும். ஒவ்வொண்ணும் முந்தினது போட்ட கீறலை எடுக்குறதுக்குத்தான், நடுவுல தாண்டினா கீறல் அப்படியே நிக்கும். பேப்பரைக் கையில பிடிச்சா விரல் தடம் விழும், தட்டையான கட்டைல சுத்திப் பிடிக்கணும். தேய்க்கிறதுக்கு முன்னாடி பென்சிலால கோடு கட்டம் கட்டமா போட்டுக்கோங்க. கோடு அழிஞ்சதும் நிறுத்து. இதை விட எளிய அளவுகோல் கிடையாது. விளிம்புலயும் மூலையிலயும் ஜெல்கோட் மெலிசு, அங்கே கை சும்மா போய்ட்டு வந்தாலே போதும்.

அப்புறம் காம்பவுண்ட், பாலிஷ், கடைசியா வாக்ஸ். இங்க ஒரு கொடுமையைச் சொல்லியாகணும். வெல்டிங் பட்டறை கிரைண்டர்ல கம்பளி மாட்டி படகைத் தேய்க்கிறாங்க! அது நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துற சாமான். பாலிஷ் மெஷின் 1500, 2000 சுத்துல ஓடணும். கிரைண்டரை வச்சா சூட்டுல ஜெல்கோட் கருகி, ரெண்டே நொடியில இழை வெளியில வந்துடும். அரை மில்லிமீட்டரை மறந்துடாதீங்க. ஒவ்வொரு தடவை பேப்பர் போடும்போதும் அதுலேர்ந்து கொஞ்சம் போகுது, திரும்ப வராது. அதனாலதான் வருஷா வருஷம் பேப்பர் போடாம, ஒரு தடவை ஒழுங்கா எடுத்துட்டு, பிறகு வாக்ஸை மட்டும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது போட்டுக்கிட்டே வரணும். நம்ம வெயிலுக்கு வாக்ஸ் சில மாசம்தான் தாங்கும்.

எனாமல் பெயிண்ட் விவகாரம்: சுண்ணாம்பு மேல அடிச்ச பெயிண்ட் அந்தச் சுண்ணாம்போடவே உரிஞ்சு வரும். ஜெல்கோட் உண்மையிலேயே தீர்ந்துபோன படகுக்கு, சுத்தமா தேய்ச்சு, எபாக்ஸி பிரைமர் அடிச்சு, ரெண்டு டப்பா கலக்குற பாலியூரித்தேன் பெயிண்ட் அடிச்சா நல்லா நிக்கும். ஆனா அதோட புகையில ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு அடிக்கிற வேலை இல்லை அது. தெரிஞ்ச பட்டறையில, சரியான முகமூடி இருக்கான்னு பாத்துக் கொடுங்க.

இப்ப எதிர்க்கட்சி வாதம். "மினுக்கிட்டா மட்டும் படகு நல்லதாயிடுமா?"ன்னு என் மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. பளபளப்புக்கும் பலத்துக்கும் சம்பந்தம் குறைவு. அதனால தேய்க்கிறதுக்கு முன்னாடி படகைத் தட்டிப் பாருங்க. இன்ஜின் மாட்டுற பின்பலகையை ஒரு சின்னச் சுத்தியலால தட்டினா கணீர்னு கேக்கணும். தொப்புன்னு கேட்டா உள்ளே இருக்குற மரம் ஊறிப்போச்சு. ஏராக்கால் ஓரமா, அணியத்துல அலை மோதுற இடத்துல, ஒரே திசையில ஓடுற விரிசல் இருக்கான்னு பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிசா இருந்தா அநேகமா ஜெல்கோட்ல மட்டும். விரலால அமுக்கினா அசையுதுன்னா அடுக்கே விட்டுப்போச்சு, அந்தப் படகுல யாரையும் கடலுக்கு அனுப்பாதீங்க. அப்படிப்பட்ட படகுக்கு மினுக்கு போடுறது பாவம். அதுக்குப் பணம் கேட்டு ஃபோன் வந்தா தயங்காம அனுப்புங்க.

இன்னொண்ணும் இருக்கு. தள்ளின படகு எங்கே போகும்னு யோசிச்சீங்களா? மரமா இருந்தா அடுப்புக்காவது ஆகும். இந்த ரெசின் ஒரு தடவை இறுகினா திரும்ப உருகாது. பிரான்ஸ்ல 2019-லேர்ந்து பழைய உல்லாசப் படகுகளை வாங்கிப் பிரிக்கவே தனி ஏற்பாடு வச்சிருக்காங்க. நமக்கு கருவேலங்காடும் முகத்துவாரமும்தான். தீவுல இன்னும் மோசம், இங்க குப்பை போட இடம்னு தனியா என்ன இருக்கு? ஜங்கிலிகாட் பக்கம் கரையில நடந்தீங்கன்னா தமிழும் தெலுங்கும் பெங்காலியும் கலந்து காதுல விழும். மூணு பாஷையிலயும் பழைய படகை என்ன பண்றதுங்கிற கேள்விக்குப் பதில் ஒண்ணுதான், "கிடக்கட்டும்".

சவாரிக்கு விடுற படகுக்காரங்களுக்கு மினுக்கு வயித்துப் பிழைப்பு. நார்த் பே போற டூரிஸ்ட் பெரும்பாலும் நிறத்தைப் பாத்துத்தான் படகு ஏறுறாங்க, பின்பலகையைத் தட்டிப் பாக்குற டூரிஸ்டை இதுவரை நான் பாக்கலை :-)

இந்தத் தீவுல இருக்கறவங்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஜனவரிலேர்ந்து ஏப்ரலுக்குள்ள வேலையை முடிச்சுக்கோங்க, மழை பிடிச்சா விடாது. நடு வெயில்ல காம்பவுண்ட் போட்டா தடவின உடனே காய்ஞ்சு கட்டிப்போகும், அதனால விடியக்காலை அஞ்சரைக்கு ஆரம்பிச்சு எட்டு மணிக்குள்ள நிறுத்திடுங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்னு விட்டா சீக்கிரமே இருட்டிடும், ஊர் நினைப்புல இருந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. தேய்ச்ச பால்தண்ணி கடல்ல ஓடாம படகைக் கரைக்கு மேல ஏத்தி, கீழே ஒரு தார்ப்பாயை விரிச்சுக்கோங்க. மட்டம் தெளிஞ்சதும் அடியில நிக்குற பொடியை வழிச்சு எடுத்து மூட்டை கட்டிடலாம்.