‘டேங்க்’ என்றால் கண்மாயா, தொட்டியா? ஒரு சொல் மறைக்கும் நீர்நிலைகள்!

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில் போய், "டேங்க் எங்கங்க இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியைத்தான் கை காட்டுவார்கள். கண்மாயைக் காட்ட மாட்டார்கள். ஆனால், அரசின் ஆங்கிலக் கோப்புகளில் கண்மாய்க்கும் பெயர் ‘டேங்க்’தான். மொட்டை மாடி பிளாஸ்டிக் தொட்டி, பைக்கில் பெட்ரோல் ஊற்றும் இடம், ராணுவ வண்டி... எல்லாமே டேங்க்!

சொல் எங்கிருந்து வந்தது?

இது நம் நாட்டில் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட சொல். குஜராத்தி, மராத்தி மொழிகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் ‘டாங்கி’, ‘டாங்கே’ போன்ற சொற்கள் 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போயின. போர்ச்சுகீசிய மொழியில் குளத்தைக் குறிக்கும், இதே மாதிரி ஒலிக்கும் ஒரு சொல்லும் இதற்குத் துணை நின்றது.

சரி, ராணுவ வண்டிக்கு ஏன் இந்தப் பெயர்? முதல் உலகப் போரில் பிரிட்டன் ரகசியமாகக் கவச வண்டிகளைத் தயாரித்தது. விஷயம் வெளியே கசியாமல் இருக்க, ‘தண்ணீர் டேங்க் செய்கிறோம்’ என்று சொல்லிவைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-ல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் அவை முதன்முதலாக இறங்கின. பொய்ப் பெயரே நிஜப் பெயராகிவிட்டது. இன்று ஆலோசனை அமைப்பு ‘திங்க் டேங்க்’. பங்குச்சந்தை சரிந்தால் ‘மார்க்கெட் டேங்க் ஆயிடுச்சு’. வீடியோ கேமில் அடியெல்லாம் தாங்கி நிற்பவரும் டேங்க்.

தமிழில் எத்தனை சொற்கள்!

மழையை நம்பியிருக்கும் புதுக்கோட்டைச் சீமையில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனி வேலை, தனிப் பெயர். பாசனத்துக்குக் கண்மாய். குடிக்க ஊருணி. கோவிலுக்குத் தெப்பக்குளம். நார்த்தாமலை, சித்தன்னவாசல் பாறைகளில் சுனை. கண்மாய்க்குள்ளேயே வரத்துவாரி, மடை, கலிங்கு என்று உறுப்புகள் வேறு. ‘ஊருணி’ என்று சொன்னாலே அது ஊர் உண்ணும் நீர், அதில் மாட்டைக் குளிப்பாட்டக் கூடாது என்பது புரிந்துவிடும். ‘டேங்க்’ என்ற சொல்லில் இதெல்லாம் தெரியுமா?

வெறும் சொல் பிரச்னையா?

இல்லை. தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் ஆங்கிலத் தலைப்பிலும் ‘டேங்க்’ இருக்கிறது. ஆனால், அந்தச் சட்டத்தில் டேங்க் என்றால் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள நீர்நிலைகள் மட்டுமே. பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் பாசனப் பரப்பு உள்ள கண்மாய்கள்தான் அந்தத் துறையிடம் (இப்போது நீர்வளத் துறை) இருக்கும். அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. அதாவது, குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும் சின்னக் கண்மாய் கோப்பில் ‘டேங்க்’; ஆனால், அந்தச் சட்டத்தின் பார்வையில் ‘டேங்க்’ அல்ல! ஊருணிக்கும் இதே கதைதான். இவற்றுக்கு 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் போன்ற வேறு சட்டங்கள் உண்டு. ஆனாலும், ஆக்கிரமிப்பு பற்றிப் புகார் கொடுக்கப் போகும் ஒருவர் எந்த அலுவலகப் படியேறுவது, எந்தச் சட்டத்தைச் சொல்வது என்பதிலேயே குழம்பிப்போவார்.

என்ன செய்யலாம்?

ஆங்கிலச் சொல் வேண்டாம் என்பதல்ல என் வாதம். வீட்டு மாடியில் இருப்பது டேங்காகவே இருக்கட்டும். ஆனால், பதிவேட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் கண்மாய், ஊருணி, குளம் என்று அததன் பெயரை எழுத வேண்டும். கூடவே, அது யாருடைய பொறுப்பு, பரப்பு எவ்வளவு என்பதும் இருக்க வேண்டும். செய்தி எழுதும் எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாவற்றையும் ‘நீர்நிலை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டுப் போவதும் அதே தவறுதான்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஊர் கண்மாய் யார் கணக்குல இருக்கு?" பதில் வரத் தாமதமானால், பிரச்னை அங்கேதான் இருக்கிறது.